ஒன்பது விநாடி இருமல்

வெள்ளை நிறம் நூறு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்தத் தாளில் இருந்தது. என் கணவர் ஜோல்ச்சு அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "வெள்ளைக்கு யாரு வேலி போட்டது?" என்று என்னைக் கேட்டார். நான் அப்போது மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கும் தெரியவில்லை.

அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் அலமாரியைக் காலி செய்தபோது அந்தப் பதினான்கு பக்கங்களும் கிடைத்தன. ஒளிபரப்புக்குத் தரும் படம் எப்படி இருக்க வேண்டும் என்று தொலைக்காட்சி நிலையம் கொடுத்த விதிமுறைகள் அவை. ஓரங்களில் தேநீர்க் கறையும் அவர் கையெழுத்தில் வசவுகளும் இருந்தன. ஏழாம் பக்கத்து வசவை நான் இங்கே எழுத முடியாது.

பிஷ்கெக்கில் எங்கள் வீட்டின் பின்னறைதான் எங்கள் ஸ்டுடியோ. இருபத்திரண்டு வருடம் திருமணங்கள், அறுபதாம் பிறந்தநாட்கள், குழந்தைக்குத் தொட்டில் கட்டும் விருந்துகள் என்று படம் பிடித்தோம். அவர் கேமரா, நான் ஒலி, எழுத்து, விளக்கு, சமாதானம். அந்தத் தொழிலில் விதி ஒன்றுதான்: உறவினர் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது. மற்றபடி சத்தம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது, வெளிச்சமும் அப்படியே.

ஜோல்ச்சுவுக்கு அதில் ஒரு குறை இருந்தது. பள்ளித் தோழர்கள் கூடும்போதெல்லாம் யாராவது ஒருவன், "வாடா கல்யாண ஜோல்ச்சு, இன்னைக்கு மாப்பிள்ளை யாரு?" என்பான். இவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது, "ஒரே ஒரு தடவை, புருல். டிவியில 'இயக்கம்'னு போட்டு என் பேர் வரணும். அப்புறம் சாகிறவரைக்கும் கல்யாணமே எடுக்கிறேன்" என்பார்.

அதற்காகத்தான் அவர் சொந்த ஊரான தாஷ்-பெல்லின் உலாக் குழுவைப் பற்றிப் படம் எடுத்தார். குதிரை மேலிருந்தபடியே ஆட்டுடலைப் பிடுங்கிக்கொண்டு ஓடி எதிராளியின் குழியில் போடும் ஆட்டம் அது. எங்கள் குழு பத்தொன்பது வருடங்களாகத் தொடர்ந்து தோற்றிருந்தது. படத்தின் பெயரே 'பத்தொன்பது'. பிப்ரவரிப் பனியில் எடுத்தோம். இருபதாவது முறையாவது ஜெயிப்பார்கள் என்று கேமராவோடு காத்திருந்தோம். தோற்றார்கள். படத்தின் பெயரை மாற்ற வேண்டியிருக்குமோ என்று ஜோல்ச்சு யோசித்தார். முதல் வருடம் எதிரணி வரவே இல்லை, அதைத் தோல்வியில் சேர்க்கக் கூடாது என்று குழுத் தலைவர் சொன்னதால் பெயர் பிழைத்தது.

குழுத் தலைவர் ஜோல்ச்சுவின் சித்தப்பா. நான் அந்த வீட்டு மருமகள், ஆகவே அவர் பெயரை என் வாயால் சொன்னதில்லை, எழுதவும் போவதில்லை. கேப்டன் மாமா என்றே சொல்கிறேன். படத்தில் அவர் பெயர் வரும் இடத்தில்கூட எழுத்துகளைத் தட்டியது ஜோல்ச்சுதான். நான் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிலையம் படத்தை ஏற்றுக்கொண்டது. மார்ச் இருபத்தொன்று, நூருஸ் திருநாள், மாலை நான்கு மணி. ஆனால் தொழில்நுட்பச் சோதனையில் தேற வேண்டும். இரண்டு முறை திருப்பி அனுப்புவார்கள். மூன்றாவது முறையும் தேறாவிட்டால் அந்த நேரத்தைப் பசுமைக்குடிலில் வெள்ளரிக்காய் வளர்ப்பது பற்றிய படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளரிக்காய்ப் படம் ஏற்கெனவே தேறிவிட்டிருந்தது. அதில் யாரும் தொப்பி போடவில்லை, யாரும் கத்தவுமில்லை.

சோதனை செய்கிற பொறியாளர் ஸோயா பாவ்லவ்னா. முதல் முறை ஃபைலைக் கொடுத்த மறுநாளே தொலைபேசியில் அழைத்தார்.

"ஜோல்ச்சு, உங்க படம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?"

"நாலு மணிக்கு, ஸோயா பாவ்லவ்னா. நூருஸ் அன்னைக்கு."

"அது ஒளிபரப்பு. ஃபைல்ல ஓடுதே கடிகாரம், அதுல?"

"அதுலயும் நாலுதான். பதினாறுன்னு கரெக்டா வெச்சிருக்கேனே."

"பத்துன்னு இருக்கணும்."

"பத்து மணிக்கு யாருங்க பார்ப்பாங்க? அப்போ எல்லாரும் மாட்டுக்குத் தீவனம் வெச்சிட்டிருப்பாங்க."

அந்தப் பக்கம் பேனா மேசையில் வைக்கப்படும் ஓசை கேட்டது. "எல்லாப் படமும் பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும். ராத்திரி பன்னெண்டுக்குப் போடற பேய்ப்படமும் ஃபைல்ல பத்து மணிதான். மூணாம் பக்கம் படிங்க. அப்புறம் சத்தம். சராசரி மைனஸ் இருபத்துமூணு இருக்கணும். உங்களுது மைனஸ் ஏழு. எங்க மெஷின் பயந்துடுச்சு."

"எங்க ஊர்க்காரங்க அப்படித்தான் பேசுவாங்க."

"பேசட்டும். நீங்க குறைங்க."

குறைத்தார். எடிட்டிங் மென்பொருளில் ஒலிமானியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக வாயடக்கினார். ஆட்ட வர்ணனையாளர் மெகபோனில் கத்தியது, பக்கத்து வீட்டில் யாரோ பிரார்த்தனை செய்வதுபோல் ஆனது. "இவ்வளவு மரியாதையா நாங்க தோத்ததே இல்ல" என்றார் ஜோல்ச்சு.

இரண்டாவது முறை தொலைபேசி வரவில்லை. அச்சடித்த அறிக்கை வந்தது. வெள்ளை அளவு மீறிய இடங்கள்: நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் மணி, நிமிடம், விநாடி குறித்திருந்தார் ஸோயா பாவ்லவ்னா. நாங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். தொப்பி. தொப்பி. பனி. பனியில் தொப்பி. குழுவின் பெரியவர்கள் பதினொரு பேரும் நூருஸுக்கென்று துவைத்து வைத்திருந்த வெள்ளைக் கம்பளிக் கல்பாக் தொப்பியை, கேமரா வருகிறது என்று பிப்ரவரியிலேயே போட்டு நின்றிருந்தார்கள்.

ஜோல்ச்சு கவலைப்படவில்லை. மென்பொருளில் அதற்கென்றே ஒரு வசதி இருந்தது. அளவு மீறிய வெளிச்சத்தையெல்லாம் அதுவே பிடித்து இறக்கிவிடும். முழுப் படத்தின் மேலும் அதைப் போர்த்தினார். அளவுமானியில் கோட்டைத் தாண்டித் துள்ளிக்கொண்டிருந்த கோடுகள் எல்லாம் தலைகுனிந்தன.

"அரை நிமிஷ வேலை" என்று சொல்லி அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டபோது வாசல் மணி அடித்தது. கேப்டன் மாமா. ஊரிலிருந்து மினிபஸ்ஸில் ஆறு மணி நேரம், மடியில் குடலில் அடைத்த குதிரை இறைச்சிக் கச்சியோடு வந்திருந்தார். படம் ஒளிபரப்பாகும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம்.

தேநீர் கொடுத்து உட்கார வைத்தோம். ஜோல்ச்சு பெருமையோடு ஓட்டிக் காட்டினார். மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"டேய், அது யாரு?"

"நீங்கதான் சித்தப்பா."

"நானா? தலையில என்ன அது? அடுப்பு துடைக்கிற துணியா?"

"உங்க தொப்பிதான். டிவிக்குன்னு வெள்ளையைக் கொஞ்சம் இறக்கி..."

"கொஞ்சமா? சாம்பல் கலர்ல இருக்கேடா! உங்க சித்தி மூணு நாள் துவைச்ச தொப்பி. இதைப் பார்த்தா நாளைக்கு ஊர்ல என்ன சொல்வாங்க? இந்த ஆள் பொண்டாட்டிக்குத் துவைக்கத் தெரியலன்னு சொல்வாங்க. அவ என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?"

"சித்தப்பா, இது விதிமுறை."

"வெள்ளைத் தொப்பிக்கு எதிரா விதிமுறையா? பத்தொன்பது வருஷமா தோக்கிறேன். எவனாவது என் தொப்பியைக் குறை சொல்லியிருக்கானா? ஒண்ணு தொப்பி வெள்ளையா இருக்கணும், இல்ல என்னைத் தூக்கிடு."

அவரைத் தூக்க முடியாது. ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் அவர் இருந்தார். அவரைத் தூக்கினால் மிஞ்சுவது நான்கு நிமிடமும் சில ஆடுகளும்.

இருவரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கல்யாண வீடுகள் நினைவுக்கு வந்தன. குளிர்காலத்துக் கல்யாணத்தில் மணப்பெண்ணைப் பனிக்கு முன்னால் நிறுத்தினால் உடை அழுக்காகத் தெரியும், சிவப்புச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் பளிச்சென்று இருக்கும். உடை அதே உடைதான்.

"தொப்பியைக் கொஞ்சம்தான் இறக்கணும்" என்றேன். "பனியை நிறைய இறக்குங்க. பின்னால இருக்கிறது மங்கினா முன்னால இருக்கிறது வெளுப்பாத் தெரியும்."

ஜோல்ச்சு என்னை உற்றுப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா இந்த மூளையை எங்க வெச்சிருந்த?"

"உங்க மைக்கைப் பிடிச்சிட்டிருந்தேன்."

சொல்வது எளிது. பதினொரு தொப்பிகளைச் சுற்றியும் கோடு வரைய வேண்டும், ஆள் அசையும்போது அந்தக் கோடு கூடவே போக வேண்டும். மென்பொருள் தானாகவே பின்தொடரும் என்று சொல்லிக்கொண்டது. ஆனால் கேப்டன் மாமா தலையைத் திருப்பும்போதெல்லாம் அது அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற குதிரையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டது. குதிரையின் பின்புறம் நூற்றுக்கு நூறு பிரகாசமாக, நிலா உதித்ததுபோல் திரையில் ஊர்ந்து போனது. மாமா சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டினார். இரண்டு பகல் வேலை. மாமா போகவில்லை, நாற்காலியைப் போட்டு ஒவ்வொரு தொப்பியையும் கண்காணித்தார்.

முடிந்தபோது தொப்பிகள் பளிச்சிட்டன. மாமா திருப்தியோடு தலையாட்டினார். பிறகு சந்தேகம் வந்தது.

"ஏம்மா மருமகளே, பனி கொஞ்சம் அழுக்கா இருக்கே?"

"பனிக்குப் பொண்டாட்டி இல்ல மாமா. யாரும் கேக்க மாட்டாங்க."

புதன்கிழமை மாலை ஒரு சிக்கல் மட்டும் மீதமிருந்தது. படம் சரியாக இருபத்தாறு நிமிடம் இருக்க வேண்டும். எங்களுடையது ஒன்பது விநாடி அதிகம். நான் கறி வேகிறதா என்று பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது நீளம் சரியாக இருபத்தாறு நிமிடம் காட்டியது.

"எங்க வெட்டினீங்க?"

"எங்கேயோ. சாப்பாடு ஆச்சா?"

வியாழன் காலை ஒன்பது மணிக்கு மூவரும் நிலையத்துக்குப் போனோம். பன்னிரண்டு மணி கெடு. நாங்கள் பயந்துகொண்டிருந்த ஸோயா பாவ்லவ்னா கம்பளிச் செருப்பு போட்ட சிறிய பெண்மணி. மேசை முழுக்கத் தொட்டிச் செடிகள். அவற்றுக்கு நடுவே அளவுமானிகள். கேப்டன் மாமா உள்ளே நுழைந்ததும் கச்சித் துண்டு ஒன்றை மேசையில் வைத்தார். "சோதனை முடிஞ்சப்புறம்" என்று சொல்லி அதைச் செடிக்குப் பின்னால் நகர்த்திவிட்டு ஸோயா பாவ்லவ்னா படத்தை ஓடவிட்டார்.

ஆரம்பம், பத்து மணி. சரி. ஒலி, மைனஸ் இருபத்துமூன்று. சரி. தொப்பிகள் வந்தன. ஊசி தொண்ணூற்றொன்பதைத் தொட்டது, நின்றது, இறங்கியது. அவர் கண்ணாடியைத் தூக்கி மாமாவின் தலையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நீளம், சரி. கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"இயக்குநர் பேர் எங்க?"

ஜோல்ச்சு செடியைப் பார்த்தார். "வெட்டிட்டேன்."

"ஏன்?"

"ஒன்பது விநாடி அதிகமா இருந்துச்சு. மத்ததெல்லாம் யாரோ ஒருத்தரோட சொந்தக்காரங்க, ஸோயா பாவ்லவ்னா. குதிரைச் சொந்தக்காரங்க முப்பத்தெட்டுப் பேரு. சமைச்சவங்க பதினாலு பேரு. யாரை விட முடியும்? விட்டா கேக்காம இருக்கக்கூடிய ஆளு நான் ஒருத்தன்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு பெயருக்காகத்தானே பனியில் நின்றோம்.

"பைத்தியமாடா நீ?" என்றார் மாமா.

ஸோயா பாவ்லவ்னா விதிமுறைத் தாளைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். "பதிமூணாம் பக்கம். இயக்குநர் பேர் கடைசி அரை நிமிஷத்துக்குள்ள வரணும். குறைஞ்சது நாலு விநாடி. இல்லேன்னா வாங்க மாட்டேன். மூணாவது அறிக்கையை இன்னும் எழுதல. இப்போ மணி பத்து. ஒரு தடவை முழுசா பார்க்க எனக்கு இருபத்தாறு நிமிஷம் வேணும். பன்னெண்டுக்கு அப்புறம் வெள்ளரிக்காய்."

தாழ்வாரத்துப் பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்தோம். எதை வெட்டுவது? ஜோல்ச்சு ஒவ்வொரு காட்சியாகத் தொட்டார், அதில் யார் இருக்கிறார், அவருக்கு யார் மாமன், வெட்டினால் யார் வீட்டுக்கு இனிப் போக முடியாது என்று சொன்னார். ஒரு குதிரையின் முகத்தைக்கூட அதன் வீட்டாரை நினைத்து வெட்டாமல் விட்டுவிட்டார்.

"கடைசியைக் காட்டு" என்றார் மாமா.

கடைசியில் அவர்தான் இருந்தார். தோற்ற குழுவுக்கு அடுத்த வருடத்துக்கான வாழ்த்தைச் சொல்கிறார். உள்ளங்கைகளை விரிக்கிறார். வாயைத் திறக்கிறார். பிறகு இருமுகிறார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மலையில் மோதித் திரும்பி, முடிந்ததுபோல் நின்று, மறுபடி ஆரம்பிக்கும் இருமல். ஒன்பது விநாடிக்கும் சற்று மேல். அதன் பிறகுதான் வாழ்த்து.

மாமா எங்களைப் பார்த்தார். "இதை ஏண்டா வெட்டல?"

"எப்படி வெட்டுறது சித்தப்பா? உள்ளங்கை விரிஞ்சிடுச்சே. விரிச்ச கை முகத்துக்கு வர்ற வரைக்கும் நடுவுல யாரு குறுக்கிட முடியும்? பாதியில வெட்டின வாழ்த்து பலிக்காது."

"இருமலோட சொன்ன வாழ்த்து மட்டும் பலிச்சுதா? வருஷா வருஷம் இப்படித்தான் இருமி இருமிச் சொல்றேன். பத்தொன்பது தடவை தோத்தோம்!" அவர் பெஞ்சில் தட்டினார். "வாழ்த்து என்னுது, இருமலும் என்னுது. நான் சொல்றேன், வெட்டு. முழுசா ஒன்பது விநாடி எடுத்துக்கோ. என்ன, நாலு விநாடிக்குப் பேர் போடறதுக்கு நீ என்ன திருடனா?"

வெட்டினார். ஆனால் வெட்டிய இடத்தில் மாமாவின் கைகள் சட்டென்று ஒரு சாண் துள்ளின, யாரோ கிள்ளியதுபோல். அதை மறைக்க வேறொரு காட்சியை மேலே போட வேண்டும். கைக்கு வந்தது, நின்றபடி புல் மெல்லும் செம்பட்டைக் குதிரையின் முகம். போட்டார். மாமாவின் குரல் மேலே ஓடியது: "உன் வம்சம் பெருகட்டும், உன் பிள்ளைகள் ஏழு தலைமுறைக்கு..." குதிரை மென்றுகொண்டிருந்தது.

மாமா குனிந்து பார்த்தார். "டேய். அது காயடிச்ச குதிரைடா."

"முகம்தானே தெரியுது சித்தப்பா."

"ஊருக்கே தெரியும்டா!"

மணி பத்தே முக்கால். வேறு குதிரை தேட நேரமில்லை. ஃபைல் உருவாகும் பச்சைக் கோடு நகர்ந்ததைவிட வேகமாக மாமா தாழ்வாரத்தில் நடந்தார். பதினொன்று இருபத்தைந்துக்கு ஸோயா பாவ்லவ்னா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியை மட்டும் பார்க்கக் கூடாதா என்று கேட்கத் துணிவில்லை. பாதியில் மாமாவுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். மூடிய கதவுக்கு அப்பாலிருந்தும் கேட்டது. ஸோயா பாவ்லவ்னா திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "நல்லவேளை, இது படத்துல இல்ல" என்றார்.

குதிரை வந்தது. வம்சம் பெருகட்டும். அவருடைய உதட்டோரம் லேசாக அசைந்தது. மலை நாட்டுப் பெண்மணி அல்ல, இருந்தாலும் குதிரையைப் புரிந்துகொண்டிருக்கிறார். பிறகு கறுப்புத் திரையில் ஜோல்ச்சுவின் பெயர். ஒன்பது விநாடி. அதன் பின் குதிரைச் சொந்தக்காரர்கள், சமைத்தவர்கள், எல்லாரும். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டு, கச்சித் துண்டைச் செடிக்குப் பின்னாலிருந்து எடுத்து ஒரு கடி கடித்தார்.

நூருஸ் அன்று தாஷ்-பெல்லில் ஊர்மன்ற முற்றத்தில் தொலைக்காட்சிப் பெட்டியை மேசைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். இருநூறு பேராவது இருப்பார்கள். பெரியவர்கள் முன்வரிசையில், தொப்பிகளோடு. ஜோல்ச்சு கூச்சத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் மேசைக்குப் பக்கத்தில் சமோவாரிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்குப் படம் தொடங்கியது. சத்தம் போதவில்லை என்று எல்லாரும் கத்தினார்கள், அதனால் சத்தம் சரியாகிவிட்டது. ஒவ்வொரு தோல்விக்கும் கைதட்டினார்கள். சித்தி தொப்பிகளை வரிசையாகப் பார்த்துவிட்டுத் தன் கணவர் பக்கம் திரும்பி ஒருமுறை தலையசைத்தார். குதிரைக்கு வம்சம் பெருக வாழ்த்து வந்தபோது முற்றம் வெடித்தது. குதிரையின் சொந்தக்காரர் எழுந்து நின்று, "கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கடா, வெட்டினதை ஒட்டச் சொல்லணும்!" என்று கத்தினார்.

திரையில் கேப்டன் மாமாவின் கைகள் முகத்துக்குப் போயின. முற்றத்தில் இருநூறு பேரும் "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். வாழ்த்து முடிந்தால் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? எழுந்துவிடுவார்கள். வாழ்த்து முடிந்தது என்றால் விருந்து முடிந்தது என்று பொருள். இருநூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, பெட்டியை முழுதாக மறைத்து நின்றார்கள்.

"உட்காருங்க! ஐயோ, உட்காருங்களேன்!" பின்னாலிருந்து ஜோல்ச்சு குதித்துக் குதித்துக் கத்துவது கேட்டது. யாரோ அவரையும் இழுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

மேசை ஓரத்தில் இருந்ததால் எனக்குத் திரை சாய்வாகத் தெரிந்தது. தேநீர் கிண்ணத்தில் நிரம்பி என் கையில் வழிந்தது. நான் ஒன்பது வரை எண்ணினேன்.

அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தபோது சமைத்தவர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தொப்பி கோணலாகியிருந்தது, அவருக்கு மூச்சு வாங்கியது.

"போச்சா?"

"போச்சு."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

கணினியில் அந்த ஃபைலை எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் ஓடவிட்டிருக்கலாம். ஒருநாளும் ஓடவிடவில்லை. அது வேறு, டிவியில் வந்தது வேறு என்பார். அன்று பிஷ்கெக்குக்குத் திரும்பும் வழியில் மினிபஸ்ஸில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என் முழங்கையை இடித்தார்.

"இன்னொரு தடவை சொல்லு. அவசரப்படாம, வரிசையா."

"முதல்ல குதிரை போச்சு" என்றேன். "அப்புறம் மாமா கை. அப்புறம் கறுப்பு. அப்புறம் நீங்க வந்தீங்க."